ட்ரஸ் ராடுக்கு ஒரு தமிழ்ச் சொல், வியாழன் மதியத்துக்குள்

ஏற்காடு, ஞாயிறு இரவு

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை இங்கே பழைய பேஸ் கிட்டார்களைச் சரிசெய்யக் கற்றுத்தரும் ஒருநாள் வகுப்பு வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் சர்ச் கொயரிலும் மெல்லிசைக் குழுக்களிலும் வாசிக்கிற பிள்ளைகள். யாரிடமும் புதிதாக வாங்கிய பேஸ் கிடையாது. அண்ணன் விற்றது, குழு கலைந்தபோது பங்குக்கு வந்தது, இணையத்தில் படத்தைப் பார்த்து ஏமாந்து வாங்கியது, இப்படித்தான். அவர்களுக்கு நாலு பக்கத்தில் தமிழில் ஒரு கையேடு. செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில் வியாழன் மதியத்துக்குள் கேட்கிறார்கள்.

பாதிச் சொற்களை வீணையிலிருந்தே எடுத்துக்கொண்டேன். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் ஃப்ரெட்டுக்கு மெட்டு, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் குதிரை, சுருதி சேர்க்கும் ஆணிக்குப் பிருடை. மாட்டிக்கொண்டது ட்ரஸ் ராடில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிட்டாரின் கழுத்துக்குள், மெட்டுப் பலகைக்கு அடியில், நீளவாக்கில் ஓர் எஃகுத் தண்டு புதைந்திருக்கும், ஒரு முனையில் அதைத் திருப்ப ஒரு நட்டு. பேஸின் நாலு கம்பியும் சுருதியில் நிற்கும்போது மொத்தமாகச் சுமார் 70-80 கிலோ விசையில் கழுத்தை முன்பக்கம் வளைக்கப் பார்க்கும், மரம் மட்டும் அதைத் தாங்காது. நட்டை இறுக்கினால் தண்டு கழுத்தைப் பின்னுக்குத் தள்ளும், தளர்த்தினால் விட்டுக்கொடுக்கும். பழைய பேஸ் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்கவேண்டியதே இதைத்தான்.

இப்போதைக்கு 'முறுக்குக் கம்பி' என்று போட்டிருக்கிறேன். மனசு ஒப்பவில்லை.

சூரமங்கலம், திங்கள் காலை

> இப்போதைக்கு 'முறுக்குக் கம்பி' என்று போட்டிருக்கிறேன்

தயவுசெய்து வேண்டாம். சேலத்தில் எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் முறுக்குக் கம்பி என்றால் கான்கிரீட்டுக்குள் போடுவது. அது போகட்டும். பதினைந்து வயதுப் பையன் கையில் நட்டைத் திருப்பும் ஆறுமூலைச் சாவியை, அதாவது ஆலன் கீயைக் கொடுத்து, பொருளின் பெயரே 'முறுக்கு' என்றும் சொன்னால் அவன் என்ன செய்வான்? முறுக்குவான். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான் திருப்பலாம். திரும்பவும் சுருதி சேர்த்து, கழுத்து எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. அவசரப்பட்டு மரை போய்விட்டால் கழுத்தையே மாற்றவேண்டி வரும், பழைய பேஸுக்கு அந்தச் செலவு கட்டாது.

நான் இரும்போடு வேலை பார்த்தவன், சங்கீதம் தெரியாது. ஆனால் தண்டு செய்கிற வேலை தெரிகிறது, கம்பி இழுப்பதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. 'எதிரிழுப்புத் தண்டு' என்று வையுங்கள். அமெரிக்காவில் 1920-களின் தொடக்கத்திலேயே கிப்சன் கம்பெனியார் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். நூறு வருஷப் பழைய பொருளுக்கு இப்போதுதான் பெயர் தேடுகிறோம்.

ஆத்தூர், திங்கள் மாலை

தம்பி, உன் முயற்சி நல்ல முயற்சி. எதிரிழுப்புத் தண்டு விளக்கம், பெயர் அல்ல. கலைச்சொல் என்றால் வாயில் நிற்கவேண்டும்.

'ட்ரஸ்' என்ற சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் கட்டுதல், மூட்டையாகக் கட்டுதல். கட்டுதலுக்கு நம்மிடம் 'யாத்தல்' இருக்கிறது. அதிலிருந்துதான் யாப்பு, அதிலிருந்துதான் யாக்கை. எலும்பும் நரம்பும் தசையும் சேர்த்துக் கட்டியது என்பதால் உடம்புக்கு யாக்கை என்று பெயர். கழுத்தென்னும் உடம்பைக் கட்டி நிறுத்துவது யாப்புக்கோல். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

மெட்டும் வேண்டாம். மெட்டு என்றால் பாட்டின் மெட்டு என்றுதான் எவரும் நினைப்பார். பொருநராற்றுப்படை யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. தலையெடுத்த பாம்புபோல் கரிய மருப்பு, அதில் பெண்ணின் முன்கை வளையல்போல் வரிசையாகத் திவவு. கழுத்தில் வளைபோல் அடுக்கி வருவது ஃப்ரெட் அன்றி வேறென்ன? கழுத்துக்கு மருப்பு, ஃப்ரெட்டுக்குத் திவவு, ஸ்ட்ரிங்குக்கு நரம்பு. ஈராயிரம் ஆண்டுச் சொல்லை வைத்துக்கொண்டு ஏன் கம்பி கம்பி என்கிறோம்?

அஸ்தம்பட்டி, திங்கள் இரவு

புலவர் ஐயாவுக்கு வணக்கம். திவவு ஃப்ரெட் அல்ல. யாழில் ஃப்ரெட்டே கிடையாது, ஒரு நரம்புக்கு ஒரு சுரம், அவ்வளவுதான். திவவு என்பது நரம்பை மருப்போடு சேர்த்துக் கட்டிய கட்டு, உரைகாரரும் வார்க்கட்டு என்றுதான் பொருள் சொல்கிறார். விபுலானந்த அடிகளின் யாழ் நூல் 1947-லேயே வந்துவிட்டது. இன்னும் யாழையும் வீணையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

மெட்டு உயிரோடு இருக்கிற சொல். வீணையில் 24 மெட்டு, மெழுகில் பதித்தவை. சுரம் விலகினால் மெழுகை இளக்கி மெட்டையே நகர்த்திக்கொள்வோம். பேஸில் மெட்டுகள் மரத்தில் அடித்து இறக்கியவை, நகராது. அதனால் சுரம் விலகினால் குதிரையில் கம்பி உட்காரும் துண்டை முன்னே பின்னே தள்ளுகிறார்கள். கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலமுள்ள பேஸ் என்றால் பன்னிரண்டாம் மெட்டு சரியாகப் பாதியில், 17 அங்குலத்தில். அங்கே அழுத்தினால் திறந்த கம்பியின் மேல் ஸ்தாயி கேட்கவேண்டும், கூடக்குறைய இருந்தால் அந்தத் துண்டைத் தொடவேண்டும். கையேட்டில் இதை எழுதியிருக்கிறாயா தம்பி? சொல் தேடுவதற்குள் இதை விட்டுவிடாதே.

ட்ரஸ் ராடுக்கு என்னிடம் சொல் இல்லை. வீணைத் தண்டியில் அப்படி ஒன்று கிடையாது.

அம்மாப்பேட்டை, செவ்வாய், விடிந்தும் விடியாமல்

கச்சேரி முடித்து இப்போதுதான் வந்தேன், தப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேடையில் பேஸ் வாசிக்கிறவன் நான், பழைய பேஸ் வாங்கிச் சரிபண்ணி விற்பதும் உண்டு. எங்கள் வட்டாரத்தில் இதற்குப் பெயர் 'ராடு'. ராடு வேலை செய்யுதா, ராடு போச்சா, அவ்வளவுதான்.

போன மாதம் ஜங்ஷன் பக்கம் ஒருவரிடம் ஒரு பேஸ் பார்க்கப் போனேன். கழுத்து ஸ்கேல் மாதிரி நேராக இருக்கு என்றார். முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் ஒரே கம்பியில் அழுத்திப் பிடித்தேன், அப்போது ஏழு எட்டாம் மெட்டுப் பக்கம் கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு, அதாவது 0.3 மி.மீ. போல, சந்து இருக்கணும். அங்கே இரண்டு ரூபாய் நாணயமே போகும். தலைப்பக்கம் சின்ன பிளாஸ்டிக் மூடி, அதைக் கழற்றினால் நட்டின் ஆறுமூலைக் குழி தேய்ந்து வட்டமாகிக் கிடக்கிறது, உள்ளே காய்ந்த பசை. யாரோ கீயை ஒட்டவைத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்! அவரிடம் போய் "ஐயா, யாப்புக்கோல் கெட்டுவிட்டது, விலையைக் குறையுங்கள்" என்றால் அவர் என்னை மேலும் கீழும் பார்த்திருப்பார். "ராடு போச்சு" என்றேன், மறுபேச்சில்லாமல் குறைத்தார். அப்படியும் வாங்கவில்லை.

புலவர் ஐயா கோபிக்கக்கூடாது, நரம்பும் வேண்டாம். 'நாலாம் நரம்பு அறுந்துபோச்சு' என்று மேடையில் சொன்னால் ஆம்புலன்ஸ்தான் வரும்.

ஆத்தூர், செவ்வாய் காலை

> ஆம்புலன்ஸ்தான் வரும்

சிரித்தேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். 1916-இல் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, தமிழில் அறிவியல் சொல் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் வைத்தார். பாரதியார் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதாவது இந்தச் சண்டை சேலத்துக்குப் புதிதல்ல. விற்கிறவனுக்குப் புரியாது என்று விட்டிருந்தால் இன்று வெப்பநிலையும் இல்லை, மின்னோட்டமும் இல்லை. சொல் முதலில் வரும், பழக்கம் பிறகு வரும்.

அஸ்தம்பட்டி டீச்சரம்மா திவவுக்குச் சொன்ன பொருளை நான் மறுக்கவில்லை. வழக்கிழந்த சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுவது மரபுதான் என்பதே என் கட்சி.

ஏற்காடு, செவ்வாய் மதியம்

மெட்டு முடிந்துபோன விஷயம், விட்டுவிடலாம். ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பேஸுக்கு 'பிரிசிஷன்' என்று பெயர் வந்ததே அதில் மெட்டு இருந்ததால்தான். மெட்டில்லாத டபுள் பேஸில் விரல் கொஞ்சம் பிசகினாலும் சுரம் பிசகும்.

சூரமங்கலம் சார் சொன்னது மனசில் தங்கிவிட்டது. பெயர் கையைத் தப்பான வேலைக்கு இழுக்கக்கூடாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிள்ளைகள் ஸ்ட்ரிங்கைக் 'கம்பி' என்கிறார்கள். ராடையும் கம்பி என்று எழுதி, 'கம்பியைத் தளர்த்து' என்று ஒரு வரி வந்தால் எந்தக் கம்பி? ஆகவே கம்பியே வேண்டாம், கோல். கோணலை நிமிர்த்துவதால் 'நிமிர்கோல்' எப்படி?

நமக்கு இது அடிக்கடி தேவைப்படும் சொல். சேலத்துச் சித்திரை வெயிலில் காய்ந்த பேஸ் மலையேறி, மழை மாதத்தில் ஈரம் குடித்தால், நேராக இருந்த கழுத்து வளைந்துவிடும். அதுவே கீழே போய்க் காய்ந்தால் மெட்டுப் பலகை சுருங்கி, மெட்டு முனைகள் விளிம்பில் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். கோடையில் வாங்கிய பேஸை ஆடியில் குறை சொல்லித் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் பலர்.

ஆத்தூர், செவ்வாய் மாலை

நிமிர்கோல் பிழை. நிமிர்தல் தன்வினை. நிமிர்கோல் என்றால் தானே நிமிர்கிற கோல். இங்கே கோல் கழுத்தை நிமிர்த்துகிறது, பிறவினை. 'நிமிர்த்துகோல்' என்றுதான் வரும். வினைத்தொகை ஆதலால் ககரம் மிகாது, அச்சகத்தில் 'நிமிர்த்துக்கோல்' என்று அடித்துவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள். இலக்கணம் சொன்னேனே தவிர இந்தச் சொல்லை ஏற்கவில்லை.

நாகலூர், செவ்வாய் இரவு

காப்பித் தோட்டத்துக்காரன், இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். மெட்டுப் பலகை ரோஸ்வுட் என்று கையேட்டில் போடப் போகிறீர்களா? அது தோதகத்தி, ஈட்டி என்றும் சொல்வோம். பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 1994-இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2017-இல் சர்வதேச வணிகத்திலும் கட்டுப்பாடு போட்டார்கள், கிட்டார்க்காரர்கள் எல்லாம் கத்தினார்கள், 2019-இல் முழுதாய் முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். ராடுக்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம். பலகைக்குத் தோதகத்தி என்று போடுங்கள்.

அம்மாப்பேட்டை, புதன் காலை

நிமிர்த்துகோல் பரவாயில்லை. ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை. கழுத்து முழுக்க நிமிர்ந்துவிட்டால் கம்பி மெட்டில் இடித்துக் கரகர என்று இரையும். கொஞ்சம் குழிவு வேண்டும், அதற்காகச் சில நேரம் ராடைத் தளர்த்தவும் செய்வோம். நிமிர்த்துகோலை வைத்து வளைக்கிறோம் என்று ஆகிறது. எனக்கு ஆட்சேபணை இல்லை, சொல்லிவைக்கிறேன்.

அஸ்தம்பட்டி, புதன் மதியம்

ஏதாவது ஒன்றைப் போட்டு அச்சுக்கு அனுப்புப்பா.

ஏற்காடு, புதன் இரவு

போட்டுவிட்டேன். முதல் இடத்தில் 'ராடு எனப்படும் நிமிர்த்துகோல்', அதற்குப் பிறகு நிமிர்த்துகோல் மட்டும். டீச்சர், அம்மாப்பேட்டை அண்ணா, நாகலூர்க்காரர் மூவரும் சரி என்ற மாதிரிதான் எடுத்துக்கொண்டேன். தோதகத்தியும் போட்டாயிற்று. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்குச் சொல் கிடைக்கவில்லை, பிக்கப் என்றே விட்டிருக்கிறேன், அதை இப்போது யாரும் ஆரம்பிக்கவேண்டாம்.

சூரமங்கலம், புதன் இரவு

எதிரிழுப்பு போனதில் வருத்தமில்லை. ஆனால் ஒரு வரி கட்டாயம் சேருங்கள். சில பேஸில் 5 மி.மீ. குழி, சிலவற்றில் 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 5 மி.மீ. குழியில் 3/16 கீயைப் போட்டுத் திருப்பினால் மூலை தேயும். அம்மாப்பேட்டைத் தம்பி பார்த்த நட்டும் அப்படித்தான் போயிருக்கும். வகுப்புக்கு இரண்டு செட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஆத்தூர், வியாழன் காலை

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. கையேட்டில் ஒரு படி எனக்கு அனுப்பு தம்பி, என் படியில் அடித்துவிட்டு யாப்புக்கோல் என்று நானே எழுதிக்கொள்கிறேன். பிக்கப்பைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதற்கு அகநானூற்றில் ஒரு சொல் இருக்கிறது.