சிறு நாடகத்துக்குக் கணினிவழி ஒளிக்கட்டுப்பாடு: கியூஎல்சி பிளஸில் காட்சிகள் ஒன்றோடொன்று கலக்கின்றன

மேடைக்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ 150 பேர் அமரக்கூடிய ஒரு பள்ளி அரங்கில் அடுத்த மாதம் எங்கள் குழு ஒன்றேகால் மணி நேர நாடகம் ஒன்றை நிகழ்த்தவிருக்கிறது. அரங்கில் 1000 வாட் ஹாலஜன் பார் (PAR எனப்படும் குவியொளி) விளக்குகள் நான்கும், அவற்றின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் நான்கு சானல் (தனித்தனிக் கட்டுப்பாட்டு வழி) டிம்மர் பெட்டி ஒன்றும் ஏற்கெனவே உள்ளன. அவற்றோடு ஏழு சானல் எல்.இ.டி. பார் விளக்குகள் எட்டினை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். தனிக் கன்சோல் (ஒளிக்கட்டுப்பாட்டுப் பலகை) எடுக்கப் பணம் போதாததால், விண்டோஸ் மடிக்கணினி ஒன்றில் கியூஎல்சி பிளஸ் மென்பொருளை நிறுவி, யூ.எஸ்.பி.யை டி.எம்.எக்ஸாக (விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் சமிக்ஞை முறை) மாற்றித் தரும் விலை மலிவான ஒரு கருவியின் வழியாக எல்லாவற்றையும் இணைத்துவிட்டோம்.

விளக்குகள் எரிகின்றன, ஆனால் நினைத்தபடி எரியவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சீன் (விளக்குகளின் ஒளி மதிப்புகளைச் சேமித்த பதிவு) அமைத்து, அதற்கு மென்பொருளின் திரைப்பலகையான வர்ச்சுவல் கன்சோலில் ஒரு பொத்தானும் வைத்திருக்கிறேன். சிவப்பு ஒளியுள்ள கனவுக் காட்சியிலிருந்து நீல நிற இரவுக்குப் போகும் பொத்தானை அழுத்தினால், மேடை நீலமாக மாறாமல் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கிறது. பழைய பொத்தானை அணைத்த பிறகே நீலம் வருகிறது. இதைத் தவிர, கடைசிக் காட்சியில் 15 விநாடிகளில் ஒளி மெல்ல மங்க வேண்டிய இடத்தில் எல்.இ.டி. விளக்குகள் படிப்படியாகக் குதித்து அணைகின்றன. சில வேளைகளில் காரணமே இல்லாமல் சிமிட்டவும் செய்கின்றன. இவை மென்பொருளின் குறைகளா, அமைப்பின் குறைகளா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஒளிநிழல் எழுதியது:

வணக்கம். முதலில் சொன்ன சிக்கலுக்கு மென்பொருள் காரணமன்று. கியூஎல்சி பிளஸ், ஒளியளவைக் குறிக்கும் சானல்களுக்கு இரண்டு சீன்கள் ஒரே நேரத்தில் கட்டளை கொடுத்தால், அவற்றில் அதிகமான மதிப்பையே விளக்குக்கு அனுப்பும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் இந்த வகையிலேயே சேர்க்கப்பட்டிருப்பதால், முதல் சீனின் சிவப்பு 255 (முழு அளவு), இரண்டாம் சீனின் நீலம் 255 என்று இரண்டும் சேர்ந்துதான் உங்களுக்குக் கத்தரிப்பூ நிறம் கிடைத்திருக்கிறது. பொத்தான்களை ‘சோலோ ஃபிரேம்’ எனப்படும் சட்டத்துக்குள் வைத்தால் ஒன்றை அழுத்தும்போது மற்றது தானாக அணையும் என்பது உண்மைதான். ஆனால் முன்பே எழுதி வைத்த வரிசையில் நகரும் நாடகத்துக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொத்தான் பலகை நடன நிகழ்ச்சிக்கும் இசைக் கச்சேரிக்கும் பொருந்தும். நாடகத்தில் இருட்டில் உட்கார்ந்து இருபது பொத்தான்களில் சரியானதைத் தேடுவது வீண் பதற்றம்.

அதற்குப் பதிலாக, எல்லாச் சீன்களையும் நாடக வரிசைப்படி ஒரே ‘சேஸர்’ செயல்பாட்டில் அடுக்கி, அந்தச் சேஸரை வர்ச்சுவல் கன்சோலில் உள்ள ‘கியூ லிஸ்ட்’ (ஒளி மாற்றங்களின் வரிசைப் பட்டியல்) சாளரத்தோடு இணையுங்கள். ஒவ்வொரு படிக்கும் தனித்தனி ஃபேட் நேரம் (ஒளி மெல்ல மாறும் நேரம்) கொடுக்கும் வகையில் வேகத்தை மாற்றிவிட்டு, நிற்கும் நேரத்தை முடிவிலியாக வையுங்கள். அப்போதுதான் நீங்கள் அழுத்தும் வரை அந்த ஒளி அப்படியே நிற்கும். ஓடும் முறையை ‘லூப்’ என்று விட்டுவிடாமல் ‘சிங்கிள் ஷாட்’ என்று மாற்றுங்கள். இல்லையென்றால் நடிகர்கள் வணங்கிக்கொண்டிருக்கும்போது கை தவறி ஒருமுறை அழுத்தினால் முதல் காட்சி மறுபடியும் தொடங்கிவிடும். அதே காரணத்தால், வணக்கத்துக்கான ஒளியையும் பட்டியலின் கடைசிப் படியாகச் சேர்த்துவிடுவது நல்லது. ‘அடுத்த கியூ’ என்பதை ஸ்பேஸ் விசைக்குக் கொடுத்துவிட்டால் நாடகம் முழுவதையும் ஒரே விசையில் நடத்தலாம்.

சீன்களை அமைக்கும்போது, எரியாத விளக்குகளின் சானல்களையும் தேர்ந்தெடுத்துப் பூச்சியம் என்று பதிந்துவிடுங்கள். தேர்ந்தெடுக்காத சானலை அந்தச் சீன் தொடவே தொடாது. குறிப்பாக, விளக்கை வேகமாகத் துடிக்க வைக்கும் ஸ்ட்ரோப் சானல் போன்றவை கடைசியாக வந்த மதிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதால், இடிமின்னல் காட்சியின் துடிப்பு அடுத்த காட்சியிலும் தொடரக்கூடும்.

சேஸரின் ஒவ்வொரு படியிலும் குறிப்பு எழுதும் இடம் உண்டு. அது கியூ லிஸ்ட்டிலும் தெரியும். “அம்மா கதவைச் சாத்தியவுடன்” என்பதுபோல அந்தக் கியூவுக்குரிய செயலையோ வசனத்தையோ அதில் எழுதிவிட்டால், இயக்குபவர் நோய்வாய்ப்பட்டாலும் வேறொருவர் வந்து உட்கார முடியும்.

ஆம்பியர் எழுதியது:

மேலே சொல்லப்பட்டவற்றோடு உடன்படுகிறேன். மின்சாரத்தையும் கம்பியையும் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். ஏனெனில் சிமிட்டலுக்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

டி.எம்.எக்ஸ் வரிசையின் கடைசி விளக்கில், வெளிச்செல்லும் முனையில் 120 ஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் கால் வாட் மின்தடையை ஓர் ஆண் எக்ஸ்.எல்.ஆர். பிளக்கின் (இந்தக் கேபிள்களின் முனையில் உள்ள வட்டப் பிளக்) இரண்டாம், மூன்றாம் ஊசிகளுக்கு இடையே பற்றவைத்துச் செருகினால் போதும். அது இல்லாதபோது சமிக்ஞை கம்பியின் முனையில் மோதித் திரும்பி வந்து, தன்னையே குழப்பிக்கொள்ளும். சிமிட்டல் சில வேளைகளில் மட்டும் வருவதற்கு இது முதன்மையான காரணம். இரண்டாவதாக, மைக் கேபிள்களைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பிளக் பொருந்தும், ஆனால் கம்பியின் மின் பண்பு வேறு. இரண்டு மூன்று மீட்டரில் வேலை செய்துவிடும். மேடைக்கும் பின்வரிசைக்கும் இடையே 25 மீட்டர் ஓடும்போது காலை வாரும்.

மலிவான யூ.எஸ்.பி. மாற்றிகளில் தனியே ஒரு செயலி இருக்காது. ஒவ்வொரு டி.எம்.எக்ஸ் சட்டகத்தையும் (சானல் மதிப்புகளை ஒருமுறை அனுப்பும் தொகுப்பு) எப்போது அனுப்ப வேண்டும் என்பதை மடிக்கணினியே கணக்கிட்டு அனுப்புவதால், விண்டோஸ் வேறு வேலையில் மூழ்கும்போது நேரம் தவறுகிறது. சற்று விலை கூடிய மாற்றிகள் சட்டகத்தைத் தாமே உருவாக்கி, கணினி ஒரு நொடி திணறினாலும் கடைசி மதிப்புகளைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். நிகழ்ச்சிக்கு மட்டுமாவது அப்படிப்பட்ட ஒன்றை வாடகைக்கு எடுங்கள். எடுக்க முடியாவிட்டால், இணைய இணைப்பைத் துண்டித்து, தானியங்கிப் புதுப்பித்தலையும், உறக்க நிலையையும், யூ.எஸ்.பி. மின்சேமிப்பையும் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான்கு 1000 வாட் விளக்குகள் முழு ஒளியில் எரிந்தால் 230 வோல்ட்டில் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பள்ளி அரங்கில் அந்த டிம்மர் பெட்டி ஒரே 15 ஆம்பியர் சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தால், நாடகத்தின் உச்சத்தில் மின்சாரம் துண்டிக்கப்படும். அரங்கத்தின் மின்பணியாளரை வரவழைத்து இதைப் பார்த்துக்கொள்வது அவசியம். எல்.இ.டி. விளக்குகளை ஒருபோதும் டிம்மர் பெட்டியில் செருகக் கூடாது என்பதையும் உதவிக்கு வரும் சிறுவர்களிடம் சொல்லி வையுங்கள்.

பின்மேடை எழுதியது:

மங்கும்போது வரும் குதிப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஒரு டி.எம்.எக்ஸ் சானலில் 0 முதல் 255 வரை 256 படிகளே உள்ளன. மேலே 200லிருந்து 199க்கு இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. கீழே 3லிருந்து 2க்கு இறங்கும்போது இருக்கும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு ஒரே அடியில் போய்விடுகிறது. உங்கள் 15 விநாடி மங்கலில் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 0.06 விநாடி நீடிப்பதால், அந்தக் கடைசி அடிகளைப் பார்வையாளர்கள் எண்ணிவிடலாம். ஹாலஜனில் இது தெரியாது; மின்னோட்டம் குறைந்தாலும் சூடான இழை உடனே குளிர்வதில்லை.

சில எல்.இ.டி. விளக்குகளின் பின்பக்கப் பட்டியலில் ‘டிம்மர் கர்வ்’ அல்லது டிம்மர் வேகம் என்று ஒரு தேர்வு இருக்கும். அதை மாற்றினால் ஹாலஜனைப் போலவே மெதுவாக நகரும். அந்த வசதி இல்லையென்றால் கடைசிக் காட்சியை வேறு விதமாகக் கட்டுங்கள். எல்.இ.டி.க்களை முதல் ஆறு ஏழு விநாடிகளிலேயே, ஹாலஜன் ஒளி இன்னும் மேடையில் நிறைந்திருக்கும்போதே அணைத்துவிட்டு, இறுதி மங்கலை ஹாலஜன்களிடம் விடுங்கள். பார்ப்பவர்களுக்கு ஒரே மங்கலாகத்தான் தெரியும். மேலும், வாடகைக்கு வரும் மூவண்ண எல்.இ.டி.க்களின் ‘வெள்ளை’ நம் தோல் நிறத்தைச் சாம்பல் பூசியதுபோல் காட்டும். ஆகவே முகங்களுக்கு முன்பக்க ஹாலஜன்களையும், வண்ணத்துக்கும் பின்னொளிக்கும் எல்.இ.டி.க்களையும் வைப்பதே என் பழக்கம்.

மேடைக்கொடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. சீன்களைச் சேஸரில் அடுக்கி கியூ லிஸ்ட்டாக மாற்றியதும் நிறக் கலப்பு நின்றுவிட்டது. 120 ஓம் மின்தடையைச் செருகியபின் சிமிட்டலும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. மின்பணியாளர் டிம்மருக்குத் தனி இணைப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார். இடி ஓசையையும் மின்னலையும் ஒரே விசையில் கொடுக்க இயலுமா?

ஒளிநிழல் எழுதியது:

இயலும். ஓசைக் கோப்பை ‘ஆடியோ’ செயல்பாடாகச் சேர்த்து, அதையும் மின்னல் சீனையும் ஒன்றாகத் தொடங்கும் ஒரு ‘கலெக்‌ஷன்’ ஆக்கி, அந்தக் கலெக்‌ஷனைச் சேஸரின் ஒரு படியாக வையுங்கள். இடி மின்னலுக்குச் சற்றுப் பிந்தி வர வேண்டுமென்றால், ஓசைக் கோப்பின் தொடக்கத்திலேயே ஒரு விநாடி மௌனத்தைச் சேர்த்துவிடுவது எளிது. நாடகம் முழுவதற்கும் ஓசை மிகுதியாக இருந்தால் அதை வேறொரு கணினிக்கு மாற்றிவிடுங்கள். ஓரிரு ஓசைகள் என்றால் இதுவே போதும். அமைத்து முடித்ததும் ‘ஆப்பரேட்’ முறைக்கு மாறி ஒத்திகை பாருங்கள். அந்த முறையில் சீன்களைத் தவறுதலாகத் திருத்திவிட முடியாது. திட்டக் கோப்பின் நகல் ஒன்றைப் பென் டிரைவில் எடுத்து, அதே மென்பொருள் பதிப்பு நிறுவப்பட்ட இரண்டாவது மடிக்கணினியிலும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.