புராஸ்டேட் புற்றுநோய் கறுப்பினத்தவரிடம் கூடுதலாக இருப்பதற்கு மரபணுதான் காரணமா?

கேள்வி:
அட்லாண்டாவில் என்னுடன் பணிபுரியும் கறுப்பின நண்பரின் தந்தைக்கும் சித்தப்பாவுக்கும் அறுபது வயதுக்குள் புராஸ்டேட் புற்றுநோய் வந்துவிட்டது. அமெரிக்காவில் இந்நோயால் இறக்கும் விகிதம் வெள்ளையரைவிடக் கறுப்பின ஆண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு. இது மரபணுவின் வேலையா?

பதில் 1:
ஓரளவுக்கு ஆம். 8ஆம் குரோமோசோமில் உள்ள 8க்யு24 பகுதிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிவந்தது. ஆப்பிரிக்க, ஐரோப்பிய மூதாதையர் கலந்த ஆண்களில், நோயுற்றோரின் டிஎன்ஏவில் எந்த இடத்தில் ஆப்பிரிக்க மரபு வழக்கத்தைவிட மிகுந்திருக்கிறது என்று தேடியபோதும் இதே இடம்தான் அகப்பட்டது. உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டும் மிக் (MYC) என்ற மரபணு அதற்கு அருகிலேயே இருக்கிறது.

பதில் 2:
ஆனால் இனத்தையும் மரபையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதாக 2012இல் அறியப்பட்ட, ஹாக்ஸ்பி13 என்ற மரபணுவின் ஜி84இ மாற்றம் வட ஐரோப்பியரிடம்தான் அதிகம். ஜப்பானிலிருந்து அமெரிக்காவில் குடியேறியோரிடம் இந்நோய் பெருகியதை மரபணுவால் விளக்க முடியாது. சமமான சிகிச்சை கிடைக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இறப்பு வேறுபாடு வெகுவாகக் குறைவதைப் பார்க்கும்போது, தாமதமான சிகிச்சையே எனக்குப் பெரிய கவலையாகத் தெரிகிறது.

பதில் 3:
உங்கள் நண்பர் 45 வயதிலேயே, குடும்ப வரலாற்றைச் சொல்லி, பிஎஸ்ஏ பரிசோதனை (புராஸ்டேட் சுரப்பியின் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது) குறித்து மருத்துவரிடம் பேசட்டும்.