'டேப்' என்பதற்கு 'மடை': ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

கட்டளைவரி வழியே நிரல்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூ என்ற கருவியில், நிரல்களை நிறுவும் குறிப்புகளைத் தரும் கூடுதல் தொகுப்புக்கு 'டேப்' (tap) என்று பெயர். இச்சொல்லுக்குக் 'குழாய்' என்று வைக்கலாம் என்றும், புதுச்சொல் எதற்கு, 'களஞ்சியம்' (repository) என்றே எழுதிவிடலாம் என்றும் இரு கருத்துகள் வந்துள்ளன. தமிழ் உரையின் எழுத்துகளை, உயிர்மெய்கள் சிதறாமல் எண்ணிச் சொல்லும் சிறு கட்டளைவரி நிரல் ஒன்றை எழுதி, அதற்கான நிறுவல் கையேட்டைத் தமிழில் ஆக்கும்போது இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தேன். இரண்டுமே பொருந்தவில்லை.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1973இல் வந்த, ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்கு உள்ளீடாக அனுப்பும் 'பைப்' வசதிக்குக் குழாய் என்று எழுதி வருகிறோம். என் நிரலும் அவ்வாறு உள்ளீடு பெறுவதே. "முதலில் என் குழாயைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு உரையைக் குழாய் வழியே அனுப்புங்கள்" என்று எழுதினால், புதிதாக வருபவர் எந்தக் குழாயைக் கண்டார்?

களஞ்சியம் வேறு வகையில் சிக்கலாகிறது. டேப் ஒவ்வொன்றும், கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் களஞ்சியம்தான்; ஆனால் களஞ்சியம் எல்லாம் டேப் ஆவதில்லை. மூலநிரல் ஒரு களஞ்சியத்தில் இருக்க, அதை எங்கிருந்து இறக்கி எப்படி நிறுவுவது என்று சொல்லும் ரூபி நிரல்மொழிக் கோப்பு, 'ஹோம்ப்ரூ' என்ற முன்னொட்டும் இணைகோடும் கொண்டு பெயரிடப்பட்ட வேறொரு களஞ்சியத்தில் இருக்கும். புதிய பதிப்பு வெளியிட்டபோது, அந்தக் கோப்பில் பதிப்பின் முகவரியை மாற்றிவிட்டு, இறக்கிய கோப்பு சரியானதுதானா என்று ஒப்பிட உதவும் 64 எழுத்து நீளமுள்ள சரிபார்ப்புத் தொகையை மாற்ற மறந்தேன். நிறுவல் பாதியில் நின்றது. "களஞ்சியத்தில் திருத்திவிட்டேன்" என்று பயனருக்கு எழுதினேன். அவர் மூலநிரல் களஞ்சியத்தைத் திறந்து, மாற்றம் எதுவும் இல்லையே என்று கேட்டார். அவர் மீது பிழையில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தவன் நான்.

மாக்ஸ் ஹவெல் 2009இல் தொடங்கிய ஹோம்ப்ரூ, வீட்டில் பீர் காய்ச்சும் தொழிலிலிருந்து தன் சொற்களை எடுத்துக்கொண்டது. நிறுவிய நிரல்கள் தங்கும் கோப்புறை நிலவறை, முன்கூட்டியே கட்டிவைத்த பொதி (நிறுவத்தக்க நிரல்) புட்டி, பீப்பாயின் திறப்பு டேப். பீப்பாய் நமக்குப் பழக்கமில்லை. ஆனால் தேக்கிய ஒன்றைத் தனக்கு வேண்டிய பக்கம் திறந்துவிடும் வாய்க்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. ஏரிக்கு மதகு, வாய்க்காலிலிருந்து ஒருவர் தம் வயலுக்கு நீர் விட்டுக்கொள்ளும் சிறு வாய்க்கு மடை. பொதுவாய் எல்லாருக்கும் வரும் பொதிகளோடு, தனியொருவரின் பொதிகளையும் நம் கணினிக்குள் வரவிடுவதே டேப் செய்யும் வேலை என்பதால், 'மடை' இதற்கு இயல்பாகப் பொருந்துகிறது.

வினை தனியே தேட வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆங்கிலத்தில் டேப், அன்டேப் என்று கட்டளைகள் உள்ளன. நாம் மடை திறத்தல், மடை அடைத்தல் என்போம். நிதியை மடைமாற்றினார்கள் என்று நாளிதழ்கள் அன்றாடம் எழுதுவதால், உழவு அறியாதவருக்கும் இச்சொல் அந்நியமன்று. 'மடையன்' நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கக்கூடும். மடைப்பள்ளி என்று சொல்லும்போது நமக்கு அப்படித் தோன்றுவதில்லையே.

ஹோம்ப்ரூவின் முதன்மைத் திரட்டில் இடம்பெற, நிரல் ஏற்கெனவே பலரிடம் புழங்கியிருக்க வேண்டும். ஆக்கியவரே கொண்டுவந்தால் அளவுகோல் இன்னும் கடுமை. ஆகவே, தமிழுக்கென நாம் எழுதும் சிறு கருவிகள் பெரும்பாலும் சொந்த மடைகள் வழியாகவே மக்களிடம் செல்லும். இந்தச் சொல் நம் கையேடுகளில் அடிக்கடி வரப்போகிறது.

நிறுவும் முறையைச் சொல்லும் அந்த ரூபி கோப்பின் பெயரான 'ஃபார்முலா'வுக்கு வாய்பாடு வேண்டாம், 'செய்முறை' போதும் என்பது என் கருத்து. அதைத் தனி இழையில் பேசலாம். இப்போதைக்கு என் கையேட்டை இவ்வாறு திருத்தியிருக்கிறேன்: "முதலில் என் மடையைத் திறந்துகொள்ளுங்கள், பிறகு பொதியின் பெயரைக் கொடுத்து நிறுவுங்கள். இனித் தேவையில்லை எனில், பொதியை நீக்கிவிட்டு மடையை அடைத்துவிடலாம்." வேறு சொல்லை விரும்புவோர் அதை இதே வாக்கியங்களில் வைத்து எழுதிக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.