மெஷின் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்கிறது, டாக்டர் அதை அடித்துவிட்டார். ஏன்?

நர்சிங் மாணவி:
மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வார்டில் 60 வயது தாண்டிய ஒருவரின் இசிஜி பற்றி ஒரு சந்தேகம். தாளின் மேலே மெஷின் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்குவது) என்று அச்சடித்திருந்தது. டியூட்டி டாக்டர் அந்த வரியைப் பேனாவால் அடித்தார், பிரஷருக்குக் கொடுத்துவந்த அட்டெனலாலை நிறுத்தச் சொன்னார், அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். கேட்க நேரம் கிடைக்கவில்லை. துடிப்பு ஒழுங்காக இல்லை என்பது எனக்கே தெரிகிறது. 1500-ஐ இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள சின்னக் கட்டங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு ஓரிடத்தில் 68 வருகிறது, இன்னோரிடத்தில் 40. அப்படியானால் மெஷின் சொன்னது சரிதானே? நோயாளியின் விவரம் இருப்பதால் படம் போடவில்லை. லீட் 2 (இசிஜி பதிவுக் கோணங்களில் ஒன்று) நீளப் பட்டையின் அளவுகள் கையில் இருக்கின்றன.

இசிஜி டெக்னீஷியன்:
படம் போடாதது நல்லது. தாளின் ஓரத்தில் வேகம் என்ன போட்டிருக்கிறது? விநாடிக்கு 25 மி.மீ. என்றால்தான் சின்னக் கட்டம் 0.04 விநாடி, பெரிய கட்டம் 0.2 விநாடி. யாராவது 50-க்கு மாற்றி வைத்திருந்தால் கணக்கு மொத்தமும் தப்பும். அப்புறம், 1500, 300 வகுத்தல் எல்லாம் சீரான துடிப்புக்குத்தான். இந்த மாதிரிப் பட்டையில் 10 விநாடிக்குள் வரும் க்யூஆர்எஸ்-களை (கீழறைத் துடிப்பைக் காட்டும் கூரான அலைகளை) எண்ணி 6-ஆல் பெருக்குங்கள்.

நர்சிங் மாணவி:
வேகம் 25 தான் சார். 10 விநாடியில் 9 க்யூஆர்எஸ். அப்போது 54.

சிசியு ஸ்டாஃப் நர்ஸ்:
எண்ணிக்கை இருக்கட்டும்மா, பி அலை (க்யூஆர்எஸ்-க்கு முன்னால் வரும், மேலறைத் துடிப்பைக் காட்டும் சின்ன மேடு) இருக்கிறதா என்று பார். க்யூஆர்எஸ் இடைவெளி கூடிக் குறைந்து, பி அலையும் சின்னதாக இருந்தால், மெஷின் சட்டென்று ஃபிப்ரிலேஷன் என்று எழுதிவிடும். நிஜமான ஃபிப்ரிலேஷனில் பி அலையே இருக்காது, அடிக்கோடு நடுங்கிக்கொண்டிருக்கும், இடைவெளிகளில் எந்த ஒழுங்கும் கிடைக்காது. ஒரு வெள்ளைத் தாளின் விளிம்பைப் பட்டைமேல் வைத்து, அடுத்தடுத்த மூன்று பி அலைகளுக்கு நேராகப் பென்சிலால் கோடு போடு. அப்படியே தாளைத் தள்ளிக்கொண்டே போ. கோடுகள் தொடர்ந்து பி-யின் மேலேயே விழுகின்றனவா? பிறகு ஒவ்வொரு பிஆர் இடைவெளியையும், அதாவது பி தொடங்குவதிலிருந்து க்யூஆர்எஸ் தொடங்கும் வரை, அளந்து எழுது.

நர்சிங் மாணவி:
விழுகின்றன அக்கா! பி-க்கும் பி-க்கும் நடுவே எப்போதும் 20 சின்னக் கட்டம். பிஆர் மட்டும் 6, 8, 9 என்று நீள்கிறது. நான்காவது பி-க்குப் பின்னால் க்யூஆர்எஸ் வரவே இல்லை. அடுத்து மறுபடி 6-இலிருந்து ஆரம்பம். க்யூஆர்எஸ் இடைவெளிகள் 22, 21, பிறகு 37.

ஓய்வு பெற்ற மருத்துவர்:
விடை உன் கணக்கிலேயே இருக்கிறது அம்மா. மேலறை நிமிடத்துக்கு 75 தடவை சீராகத் துடிக்கிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் துடிப்பைக் கடத்தும் ஏவி நோட் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தாமதித்து அனுப்புகிறது, நான்காவதை அனுப்பாமல் விட்டுவிடுகிறது. இது வெங்கபாக், அதாவது சில துடிப்புகள் மட்டும் கீழறைக்குப் போகாத இரண்டாம் நிலை அடைப்பில் மோபிட்ஸ் முதல் வகை. பிஆர் சாதாரணமாக 3 முதல் 5 சின்னக் கட்டம்; இங்கே ஆரம்பமே 6. பிஆர் நீள்கிறது, ஆனால் நீளும் அளவு 2, 1 என்று குறைகிறது பார். அதனால்தான் 22-க்குப் பின் 21. இடைநிறுத்தமான 37-உம் இரண்டு பி இடைவெளியான 40-ஐ எட்டவில்லை.

டச்சு மருத்துவர் வெங்கபாக் இதை 1899-இல், ஐந்தோவனின் இசிஜி கருவி வருவதற்கு முன்பே, நாடித் துடிப்பின் பதிவை அளந்து கண்டுபிடித்தார். உன்னிடம் பி அலையே கண்ணுக்குத் தெரிகிறது, அவருக்கு அதுவும் இல்லை!

அட்டெனலால் ஏவி நோட்டை மந்தமாக்கும், அதனால் நிறுத்தியிருப்பார். டிகாக்ஸின், வெரபமில் ஆகியவையும் அப்படியே. ஃபிப்ரிலேஷனில் மேலறையில் ரத்தம் உறையக்கூடும்; அதனால் மெஷினை நம்பியிருந்தால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தொடங்கும் பேச்சு வந்திருக்கும். வெங்கபாக் நன்றாகப் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்களுக்குத் தூக்கத்தில்கூட வரும். பிஆர் மாறாமலேயே இருந்து திடீரென்று க்யூஆர்எஸ் விழாமல் போனால் அது மோபிட்ஸ் இரண்டாம் வகை. அது பேஸ்மேக்கர் வரை போகக்கூடிய சங்கதி, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

இசிஜி டெக்னீஷியன்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இடைநிறுத்தம் கண்டாலே அடைப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். அதற்கு முந்தைய டி அலையை (க்யூஆர்எஸ்-க்குப் பின்னால் வரும் மேட்டை) மற்ற டி அலைகளோடு ஒப்பிடுங்கள். அது மட்டும் கூராகவோ பிளந்தோ இருந்தால், உள்ளே ஒரு பி முன்கூட்டியே வந்து ஒளிந்திருக்கும். அது அடைப்பு இல்லை. தாள் விளிம்புக் கோட்டில் அந்த பி மட்டும் முன்னால் தள்ளி விழும்.

நர்சிங் மாணவி:
டி அலைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன சார். கடைசியாக ஒன்று: ஒன்றுவிட்டு ஒன்று க்யூஆர்எஸ் விழாமல் போனால் பிஆர் நீள்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஓய்வு பெற்ற மருத்துவர்:
பார்க்க முடியாது. ஒப்பிட அடுத்தடுத்து இரண்டு பிஆர் கிடைக்காதே. அதை 2:1 அடைப்பு என்று மட்டும் எழுதிவிட்டு, நீளமான பட்டை ஒன்று எடு. எங்காவது 3:2 ஆக (மூன்று பி-க்கு இரண்டு க்யூஆர்எஸ்) மாறும் இடம் கிடைத்தால் அங்கே வகை தெரிந்துவிடும்.