அல்சூர் வீட்டார் (குடும்பக் குழு), திங்கள் இரவு

சுமதி, 9:22
நித்யா இன்னும் கூப்பிடவில்லை. தினமும் ஒன்பது அடித்தால் போன் வந்துவிடும். நேற்றே பத்து மணிக்குத்தான் வந்தாள், முகமும் சரியில்லை. உங்களில் யாருக்காவது மெசேஜ் போட்டாளா?

பத்மா, 9:23
எனக்கு இல்லை அக்கா

பத்மா, 9:23
மதியம் ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். மஞ்சள் இலை, மரம்

கணேசன், 9:25
ஜெர்மனி வேண்டாம், இங்கேயே எம்.டெக் பண்ணு என்று சொன்னேன். கேட்டால்தானே.

லதா, 9:25
அண்ணா ஆரம்பித்துவிட்டார்

ரவி, 9:31
சுமதி, பதறாதே. முதல் ரெண்டு மாதம் அங்கே எல்லோருக்கும் இப்படித்தான். அவளுக்கு இருக்கிற கவலை பணம். நாம் இங்கிருந்து கட்டிய 11,904 யூரோ முடக்கக் கணக்கில் கிடக்கிறது, அதிலிருந்து மாதம் 992 தான் வெளியே வரும், அதுவும் அங்கே ஒரு வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் போய் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம், ஆனால் அப்பாயின்ட்மென்ட் லேசில் கிடைக்காது, போகும்போது வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளும் வேண்டும், அவள் வங்கி அந்தப் பதிவுச் சீட்டு இல்லாமல் கணக்கே திறக்காதாம். ஆக ஒன்று மாட்டினால் எல்லாம் மாட்டும். இதை நான் ஆகஸ்ட்டிலேயே மாப்பிள்ளையிடம் சொன்னேன், கையில் கூடுதலாக யூரோ கொடுத்து அனுப்புங்கள் என்று.

கணேசன், 9:33
கொடுத்துத்தான் அனுப்பினேன் மச்சான். லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதை எத்தனை தடவை ஞாபகப்படுத்துவீர்கள்?

ரவி, 9:33
நான் ஜாமீன் பற்றிப் பேசவே இல்லையே

பத்மா, 9:34
ஐயோ விடுங்கள்

கார்த்திக், 9:35
அத்தை, நேற்று கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள்

சுமதி, 9:35
யார் கடிகாரத்தை?

கார்த்திக், 9:37
அந்த ஊர்க் கடிகாரத்தை. வருஷா வருஷம் அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் இப்போது நாலரை. நமக்கு ஒன்பது என்றால் அவளுக்கு மாலை நாலரைதான், வகுப்பில் இருப்பாள். ஐந்துக்கு முடித்து ரூமுக்குப் போய்க் கூப்பிட்டால் நமக்குப் பத்து ஆகிவிடும்

சுமதி, 9:38
இதை அவள் சொல்ல வேண்டாமா

லதா, 9:38
நம்ம வீட்டில் ஜெர்மனியில் படித்தவன் ஒருத்தன் இருக்கிறான், அவனும் நேற்றே சொல்லியிருக்கலாம்

கார்த்திக், 9:39
😐

பத்மா, 9:40
அது இருக்கட்டும், பக்கத்து ஃபிளாட் பையன் சனிக்கிழமை கிளம்புகிறான், நாலு கிலோ வரை எடுத்துப் போகிறேன் என்றான். இப்போது ஒயிட்ஃபீல்டில் அவன் அக்கா வீட்டில் இருக்கிறான். என்ன கொடுக்கலாம்?

சுமதி, 9:41
பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நெய் அரைக் கிலோ, மல்லேஸ்வரத்தில் கறிவேப்பிலை ஒரு கட்டு வாங்கி

கார்த்திக், 9:42
நெய் கூடாது. கறிவேப்பிலையும் கூடாது

ரவி, 9:45
வெளியிலிருந்து பால் பொருள், இறைச்சி எதையும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதே விதி. பச்சை இலை, காய்க்குப் பயிர் நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம் மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. பாவம், அந்தப் பையன் மாட்டிக்கொள்வான்.

பத்மா, 9:46
தேங்காய் கொடுத்தால் நாலு கிலோவும் போச்சு

சுமதி, 9:46
அப்போ குக்கர்?

கார்த்திக், 9:47
குக்கரை மறந்துடுங்க அத்தை. போன வாரமே கடுகு தாளிக்கும்போது புகை அலாரம் அடித்து மாடி முழுக்க வெளியே வந்துவிட்டது. ராத்திரி பத்துக்கு மேல் சத்தமே கூடாது, விசில் வேறயா

சுமதி, 9:48
என்னிடம் சொல்லவே இல்லையே. உன்னிடம் மட்டும் எப்படி?

கார்த்திக், 9:48
🙏

கணேசன், 9:50
படிப்பாவது ஒழுங்காகப் போகிறதா? வகுப்புக்குப் போகாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்களாமே.

கார்த்திக், 9:52
நிறையப் பாடத்துக்கு வருகைப் பதிவே கிடையாது மாமா, செமஸ்டர் முடிவில் ஒரே பரீட்சை. நம்ம ஊர் மாதிரி இன்டர்னல் மார்க் காப்பாற்றும் என்று இருந்தால் பிப்ரவரியில் தெரியும். அங்கே 1.0 தான் முதல் மார்க், 4.0 வரை பாஸ். நான் 1.7 வாங்கியபோது அப்பா என்னிடம் பேசவே இல்லை, பத்துக்கு என்று நினைத்துக்கொண்டு

ரவி, 9:53
விளக்கமாக எழுதியிருந்தால் புரிந்திருக்கும். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் எந்த ஊரும் பழகிவிடும், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்

லதா, 9:53
டெல்லி போஸ்டிங்கில் சாம்பார் சரியில்லை என்று மெடிக்கல் லீவு போட்டு வந்தவர் சொல்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்

பத்மா, 9:54
😂😂😂 அண்ணி

ரவி, 9:54
அது மஞ்சள் காமாலை

நித்யா, 10:04
அம்மா எதற்கு இத்தனை மிஸ்டு கால்? லெக்சரில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, முன் வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்

சுமதி, 10:04
சாப்பிட்டாயா

நித்யா, 10:07
இனிமேல்தான். நேற்று முகம் சரியில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள், பசி அம்மா அது. ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் மூடிவிடும், சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும், மறந்துவிட்டேன். ரயில் ஸ்டேஷன் கடை மட்டும் இருந்தது, அங்கே எல்லாம் விலை ஜாஸ்தி. ஊரே அடங்கிக் கிடந்தது. பக்கத்து ரூம் பெண்ணிடம் கேட்கலாம் என்று கதவு வரை போனேன், இங்கே சொல்லாமல் தட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை, திரும்பி வந்துவிட்டேன்

பத்மா, 10:08
தட்டு கண்ணு. என்ன கடித்தா விடுவாள்

கார்த்திக், 10:08
முதலில் மெசேஜ் போடு. அப்புறம் தட்டு

நித்யா, 10:09
அவள் நம்பர் இல்லை அண்ணா

கணேசன், 10:10
பணம் இருக்கா?

நித்யா, 10:10
இருக்கு அப்பா. வெள்ளிக்கிழமை பதிவுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. வீடியோ கால் வரேன்

சுமதி, 10:11
வா. பாட்டி முழித்துக்கொண்டிருக்கிறாள், தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்கிறாள்

கணேசன், 10:31
தினம் பத்து மணி என்றால் எனக்குச் சரி வராது. ஒன்பதே முக்காலுக்கு முடியாதா?

பத்மா, 10:33
பார்சலை ஒயிட்ஃபீல்டுக்கு யார் கொண்டுபோவது? வெள்ளி சாயங்காலம் சில்க் போர்டு டிராஃபிக்கில் நான் போக மாட்டேன்

லதா, 10:34
கார்த்திக் போவான்

கார்த்திக், 10:40
வெள்ளிக்கிழமை ஆபீஸ் இருக்கும்மா. பார்க்கலாம்