விருப்ப ஓய்வும் பத்தாயத்துப் பூனையும்

பூதப்பாண்டிக்காரர்:

வங்கி வேலையில் 60 வயது வரை இருந்திருக்கலாம். 54 வயதில் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இதைச் சொன்னதும் நம் குமரி மாவட்டத்துப் பக்கத்தில் அடுத்து என்ன கேள்வி வரும் என்பது உங்களுக்கே தெரியும். "உடம்புக்கு ஏதாவதா?" உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால், "ஆபீசில் ஏதாவது பிரச்சினையா?" அதுவும் இல்லை என்றால் கேட்டவரின் முகம் கொஞ்சம் வாடிவிடும். மகளின் கல்யாணம் முடிந்துவிட்டது, வீட்டுக் கடன் அடைந்துவிட்டது, காலையில் அவசரப்படாமல் ஒரு சாயா குடிக்க ஆசை, அவ்வளவுதான் என்று சொன்னால் நம்ப ஆளில்லை.

கணக்கு விவரம் கேட்டவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் வங்கிக்காரர் 20 ஆண்டு பணி முடித்திருந்தால், மூன்று மாதம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வெளியே வரலாம். முழு ஓய்வூதியத்துக்கு 33 ஆண்டு வேண்டும். குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும். மூன்றில் ஒரு பங்கு வரை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பங்கு 15 ஆண்டு கழித்துத்தான் மாத ஓய்வூதியத்தில் திரும்பச் சேரும். பலரும் பார்க்காமல் விடுவது மருத்துவக் காப்பீட்டை. வெளியே வந்த பிறகு பிரீமியம் நம் கையிலிருந்துதான் போகும், வயது ஏற ஏற அதுவும் ஏறும். இதை மட்டும் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

தானாக நடந்தது இதுதான். விடுப்பில் வந்தால் ஊர் நம்மை விட்டுவைக்கும், ஓய்வு பெற்று வந்தால் விடாது. "சார் சும்மாதானே இருக்கிறீர்கள்" என்று ஆரம்பித்து, கோயில் கொடை விழாவுக்கு வரவு செலவு எழுத வேண்டும், பத்திரப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், யாரோ ஒரு பையனின் கல்விக் கடன் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். வங்கியில் இருந்தபோதுகூட இத்தனை படிவங்களை நான் பார்த்ததில்லை. அங்கே சம்பளமாவது கொடுத்தார்கள்.

இந்த நிலையில்தான் பூனை வந்தது.

எங்களுடையது தாத்தா காலத்து ஓட்டு வீடு. அரங்கில், அதாவது சாமான் வைக்கும் உள்ளறையில், நெல் கொட்டி வைக்கும் ஒரு பத்தாயம் கிடக்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூவும், அதாவது இரண்டு போகமும், நெல் வீட்டுக்கு வந்த காலத்தில் வாய் வரை நிரம்பியிருக்கும். இப்போது வயல் பாட்டத்துக்கு, குத்தகைக்கு, போய்விட்டது, நெல் களத்திலேயே விலையாகிவிடுகிறது. உள்ளே பழைய ஓலைப்பெட்டிகளும் ஒரு கிழிந்த கோரைப்பாயும்தான். நெல்லை வெளியே வாங்க அடியில் ஒரு சின்ன வாசல் உண்டு. அதன் பலகை எப்போதோ கழன்றுவிட்டது. ஆவணியில், கன்னிப்பூ அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம் அந்த வாசலுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் வந்தது. எலி என்றுதான் டார்ச்சோடு குனிந்தேன். தெருவில் யாருக்கும் பிடி கொடுக்காமல் திரிந்த சாம்பல் பூனை, கோரைப்பாயின் மேல் நான்கு குட்டிகளோடு கிடந்தது. சீறவில்லை. விளக்கை அணை என்பதுபோல் கண்ணை மட்டும் சுருக்கியது.

அம்மா கட்டிலில் இருந்தபடியே சட்டம் போட்டுவிட்டாள். "தொடாதே மக்களே. தொட்டால் ஏழு இடம் மாற்றும்."

ஏழு என்பது அம்மாவின் கணக்கு. ஆனால் தாய்ப்பூனை இடம் மாற்றுவது உண்மைதான். ஆள் நடமாட்டம், வெளிச்சம், வேற்று மணம், எது பிடிக்காவிட்டாலும் குட்டியின் பிடரித் தோலைக் கவ்விக்கொண்டு கிளம்பிவிடும். எங்கள் பூனை மச்சுக்குப் போனது, அங்கே ஓட்டுச் சூடு தாங்காமல் பத்தாயத்துக்கே திரும்பி வந்தது. அரங்கு விளக்கைப் போடக்கூடாது என்று மனைவி தடை விதித்துவிட்டாள். வீட்டில் மாலை முழுவதும் நாங்கள் கிசுகிசுத்துப் பேசினோம்.

குட்டிகளுக்குக் கண் திறப்பது இரண்டாவது வாரத்தில். செம்மஞ்சள் குட்டிக்கு முதலில் இடது கண் மட்டும் திறந்தது. ஒரு நாள் முழுக்க ஒற்றைக் கண்ணால் உலகத்தைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. திறக்கும்போது எல்லாக் குட்டிக்கும் கண் நீலம்தான். நிலையான நிறம் பிறகு வரும். அடி வாசல் வழியாக முதலில் வெளியே வந்ததும் அந்தச் செம்மஞ்சள்தான். மூக்கில் எந்தக் காலத்து உமியோ ஒட்டியிருந்தது. என் கால் பெருவிரலைப் பார்த்து முதுகை வளைத்து, வாலைச் சிலிர்த்துச் சீறியது. சீறிய வேகத்தில் பின்பக்கமாக மல்லாந்து விழுந்தது.

பால் கிண்ணத்தோடு வந்த அக்கம்பக்கத்தாரை மனைவி நடையிலேயே திருப்பி அனுப்பினாள். பசும்பாலில் இருக்கும் சர்க்கரை பூனைக்குச் செரிக்காது, வயிற்றால் போகும். கைக்குள் அடங்கும் குட்டிக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கே ஆபத்து. நான்கு வாரம் வரை தாய்ப்பால் போதும். அதன் பிறகு மெல்ல மசித்த உணவு, எட்டு வாரம் முடியும்வரை தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் விடிகாலை நான்கரைக்கு நாள் தொடங்கிவிடுகிறது. அவசரமில்லாத சாயா போயே போய்விட்டது. அதற்குப் பதில் வேறொன்று கிடைத்தது. "சார் சும்மாதானே..." என்று யாராவது ஆரம்பித்தால், "குட்டிக்குச் சோறு வைக்கும் நேரம்" என்கிறேன். சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். வயல் வேலை, ஆபீஸ் வேலை என்று சொல்லும் காரணத்தை விசாரிப்பவர்கள், பூனை என்றால் மேலே விசாரிப்பதில்லை. வேலையை விட்ட பிறகு நான் என்ன செய்கிறேன் என்று கேட்காத ஒரே கூட்டமும் இந்த ஐந்து பேர்தான்.

இதே வழியில் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். மீன் எப்படிக் கொடுப்பது, ஊசி எப்போது, எல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது.

குலசேகரம் டீச்சர்:

அண்ணே, உங்களுக்குத் தாய்ப்பூனை இருந்தது, தப்பித்தீர்கள். அரசு ஓய்வு வயதை 58-இலிருந்து 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் ஏற்றியபோது, ஆசிரியர் அறையில் எல்லோரும் இரண்டு வருடம் லாபம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். ரப்பர் தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை என்பது வெளியே சொன்ன காரணம்.

ரப்பர் பால் வெட்ட வருபவர் ஒரு நாள் விடியலில், சிரட்டையைத் துடைத்து வைக்கப் போன இடத்தில், மரத்தடியில் கட்டிப் போட்டிருந்த சிமெண்ட் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். "டீச்சர், இதில் ஏதோ அசைகிறது." கண் திறக்காத இரண்டு குட்டிகள், ராத்திரி மழையில் நனைந்து, தொட்டால் ஐஸ்.

எல்லோரும் பால், பால் என்றார்கள். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுத்தால் அது வயிற்றில் செரிக்காமல் கிடக்கும், மூச்சுக்குழாயில் ஏறவும் கூடும். முதலில் சூடு. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைப் பழைய முண்டில் சுற்றி, அதை ஒட்டிக் கிடத்தினேன். உடம்பு இளகி, வாயால் தேட ஆரம்பித்த பிறகுதான் பால். அதுவும் பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடர். மனிதக் குழந்தையைப்போல் மல்லாத்திக் கொடுக்கக் கூடாது, குப்புறப் படுத்த நிலையில் தலையை லேசாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும்.

யாரும் சொல்லாத ஒரு வேலை உண்டு. மூன்று வாரம் வரை குட்டிகளால் தாமாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். தாயில்லாத குட்டிக்கு ஒவ்வொரு பாலுக்கும் பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் நாம் துடைத்துவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த கைக்கு இப்படி ஒரு செய்முறைத் தேர்வு.

இரண்டும் பிழைத்தன. இப்போது ரப்பர் ஷீட் அடிக்கும் சாய்ப்பு, அந்தச் சாய்கூரைக் கொட்டகை, அவர்களுடைய ராஜ்யம் என்று நினைக்கிறார்கள். அந்தக் கதவை நான் பூட்டியே வைக்கிறேன். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் ஒரு துளி பட்டாலும் புண். தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

குளச்சல்காரன்:

அண்ணே, நான் வளைகுடாவிலிருந்து 50 வயதில் திரும்பியவன். எங்களுக்கு ஓய்வூதியமும் கிடையாது, விருப்பமும் கிடையாது. கம்பெனி அனுப்பியது, வந்தேன். வந்து பார்த்தால் வீட்டில் அம்மா ஆறு பூனையை வளர்த்து வைத்திருக்கிறார். என்னைவிட அவற்றுக்குத்தான் வீட்டில் உரிமை அதிகம்.

மீன் சங்கதி என்னிடம் கேளுங்கள். சாளை, அதாவது மத்தி, நல்லது, மலிவு. பச்சையாகக் கொடுக்காதீர்கள். பச்சைச் சாளையில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. நாளும் அதையே தின்ற பூனைக்குத் தலை சாயும், நடை தள்ளாடும். வேக வைத்தால் அது போய்விடும். உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தையே கெடுக்கும். முள்ளை எடுத்துவிட்டு மசித்து வையுங்கள். குட்டிகளுக்கு நெத்தோலி இன்னும் தோது. ஆனால் மீன் மட்டுமே போதாது, இடையிடையே வெந்த கோழியும் வேண்டும்.

இன்னொன்று. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை. கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வள்ளம் மட்டும் போகும் அந்த நாட்களில் சாளை விலையைக் கேட்டால் பூனைக்கே மனசு வராது. அதற்குள் உங்கள் குட்டிகளை வேறு தீனிக்கும் பழக்கிவிடுங்கள். பழகாத பூனை எங்கள் வீட்டில் ஒன்று உண்டு. தடைக்காலத்தில் அது கடலைப் பார்த்து உட்கார்ந்து என்னைத் திட்டும்.

தக்கலைக்காரர்:

கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சுருக்கமாக.

குடற்புழு மருந்து மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எடை பார்த்து. கூட்டுத் தடுப்பூசி எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை. வெறிநோய்த் தடுப்பூசி 12 வாரத்தில். மூவண்ணக் குட்டி இருந்தால் பெண் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆண் மிக மிக அபூர்வம். செம்மஞ்சளில் பெரும்பாலும் ஆண். பெண் குட்டி நான்கு ஐந்து மாதத்திலேயே சினைப்பட்டுவிடும், சுமப்பது ஒன்பது வாரம்தான். ஆகவே அதற்கு முன்பே கருத்தடை. தாய்ப்பூனைக்கும் சேர்த்து. பூதப்பாண்டி அண்ணன் இதைத் தள்ளிப்போட்டால் அடுத்த பூவுக்குப் பத்தாயம் மறுபடி நிறையும்.

பூனைக்குக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுக்காதீர்கள், பாதி மாத்திரையே கொல்லும். நகம் பட்டு ரத்தம் வந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். வீட்டுப் பூனைதானே என்று இருக்க வேண்டாம்.

தேரூர்க்காரர்:

எல்லோரும் கொஞ்சிக்கொண்டிருக்கும் இடத்தில் கசப்பாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கூடவே குளக்கரையில் கொண்டுவந்து விடப்படும் பூனைகளும் வருகின்றன. மீன் கழிவு கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பு. பூனை மீன் கழிவோடு நிற்காது. புல்லுக்குள் கூடு கட்டும் பறவையின் குஞ்சு அதற்குக் கைக்கெட்டும் தூரம். வயிறு நிறைந்திருந்தாலும் வேட்டையாடும், அதன் சுபாவம் அப்படி. பாசம் இருந்தால் வீட்டுக்குள் வையுங்கள். பூனையைத் தெருவில் விட்டு வளர்ப்பதை நான் வளர்ப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பூதப்பாண்டிக்காரர்:

தேரூர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல்தான், கொக்கும் நாரையும் இறங்கும் இடம். ஆனால் தெருவில் பிறந்து வளர்ந்த தாய்ப்பூனையை அரங்குக்குள் அடைத்துப் போட முடியுமா என்று தெரியவில்லை. கதவைச் சாத்தினால் ராத்திரி முழுக்க ஒப்பாரி. குட்டிகளைப் பழக்கிவிடலாம். புறவாசல் சாய்ப்பை மூன்று பக்கமும் வலை அடித்து அடைத்தால் ஐந்துக்கும் வெயிலும் காற்றும் கிடைக்கும், வயலுக்கும் போகாது என்று மனைவி சொல்கிறாள். தக்கலை அண்ணன் சொன்னபடி தாய்க்குக் கருத்தடை முடிந்த கையோடு அந்த வேலை. இரும்பு வலை இங்கே விலை கேட்டேன், பூனைக்கு வீடு கட்டுகிறேன் என்றதும் கடைக்காரர் கூடுதலாகச் சொன்னதுபோல் பட்டது. குளச்சல் தம்பி, பழைய மீன் வலை ஏதாவது கிடைக்குமா?

குளச்சல்காரன்:

கிடைக்குமாவா? கரையில் காலில் தடுக்கும் அளவுக்குக் கிடக்கிறது. ஆனால் ஒற்றை நைலான் இழையில் பின்னிய தங்கூசி வலை வேண்டவே வேண்டாம், குட்டியின் கழுத்து சிக்கினால் இறுக்கிவிடும். கரையில் நின்று இழுக்கும் கரமடிக்குப் போடும் கெட்டி நூல் வலை, கண் சின்னதாகப் பார்த்து எடுத்து வைக்கிறேன். நல்ல தண்ணீரில் ஊறப் போட்டுக் காய வைத்துத்தான் தருவேன், இல்லாவிட்டால் மீன் மணத்துக்கு உங்கள் கூட்டம் வலையையே கடித்துத் தின்றுவிடும். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பைக்கில் கட்டிக்கொண்டு வருகிறேன். சாய்ப்பின் நீளமும் உயரமும் மட்டும் அளந்து அனுப்புங்கள் அண்ணே, தரையில் மடக்கி ஆணி அடிக்க ஒரு முழம் கூடுதலாகச் சேர்த்து.