முதல் நாவலுக்காக ஓர் உதவி: தாயகம் திரும்பியோரின் பழைய ஆவணங்கள்

அனைவருக்கும் வணக்கம். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் யார் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று இரு நாடுகளும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து தலைமன்னார், இராமேசுவரம் வழியாகக் கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, பின்னர் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்ட வேலைக்குச் சேர்ந்த ஒரு குடும்பத்தை வைத்து என் முதல் நாவலை எழுதி வருகிறேன்.

கதையின் மையம் இருபத்து மூன்று வயதுப் பெண். பாட்டி இறந்தபின் தகரப்பெட்டியைத் திறக்கும் அவள், தன் தாய் அந்தப் பாட்டி பெற்ற பிள்ளையே அல்ல என்பதையும், இலங்கையிலேயே தங்கிவிட்ட பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) குடும்பத்தின் குழந்தையைத் தன் மகளென்று எழுதிக் கொடுத்துப் பாட்டி அழைத்து வந்திருக்கிறாள் என்பதையும் அறிகிறாள். ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தபோது உறவுகளும் பிரிந்தன என்பதால் இப்படி ஒரு கதை பொருந்தும் என்று நம்புகிறேன். ஆனால் ஆவண விவரம் பிழையானால் கதையே நிற்காது.

குழந்தைகளின் பெயர் பெற்றோரின் கடவுச்சீட்டில் சேர்க்கப்பட்டதா? மண்டபம் முகாமில் எந்தத் தாள்களைப் பார்த்தார்கள்? குடும்ப அட்டையில் என்னென்ன எழுதியிருந்தது? வீட்டில் அவற்றை வைத்திருப்பவர்கள், பெயர்களை மறைத்துவிட்டுப் படம் அனுப்பினால் பேருதவியாக இருக்கும். அந்தப் பயணத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் பேச இசைந்தால், நானே நேரில் வருகிறேன்.